கூட்டப் போடியாரும் ஏகமனதான தீர்மானமும்

ஐம்பதுகளில் கல்முனைப் பக்கம் ஐந்து பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து, ஆறாவதாகக் கூட்டப் போடியார் வந்து சேரவில்லையென்றால், அது கூட்டமே இல்லை. சும்மா ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். வாசிகசாலைச் சங்கம், மீனவர் சங்கம், பள்ளிக்கூடத்துப் பெற்றார் சங்கம், பந்தடிக்கிற பொடியன்மாரின் கழகம் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஒன்றிலும் அவர் அங்கத்தவர் கிடையாது. கடைசிப் பாயில், சுவரில் முதுகைச் சாய்த்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். தபால் கந்தோர்க் கூரையில் காகங்கள் கூடினாலும் சைக்கிளை நிறுத்தி, எது தலைவர் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் போவார் என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

போன மாதம் என் மருமகன் ஒருவன் கொழும்பிலிருந்து வந்தான். ஆட்கள் ஒரு நிறுவனத்துக்குள் தனியாக எப்படி நடக்கிறார்கள், கூட்டமாக எப்படி நடக்கிறார்கள் என்பதை ஆராய்கிற படிப்பாம். பட்டம் கொடுக்கிறார்களாம். தலையணை அளவுப் புத்தகம் ஒன்றையும் காட்டினான். நான் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தபோது எனக்குக் கூட்டப் போடியாரின் ஞாபகம்தான் வந்தது. அவருடைய ஆராய்ச்சியில் எது சரி, எது பிழை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பட்டப்பெயரில்தான் கூட்டம்; போடியார், அதாவது பெரிய வயல்காரர், என்பது உண்மை. வரிப்பத்தான்சேனைப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் அவருடைய வயல். மற்றப் போடிமார் வேளாண்மை வெட்டு என்றால் வயலிலேயே குடியிருப்பார்கள். இவர் வயலைப் பார்க்க ஒரு முல்லைக்காரரை வைத்துவிட்டு, சைக்கிளில் சங்கம் சங்கமாகச் சுற்றினார். வயலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டு வந்தது நெல்லைவிடச் சொற்கள்தான். எந்தச் சங்கத்திலும் நாலு வகை ஆட்கள்தான் உண்டு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வாயைத் திறந்தால் பின்னால் பத்துப் பேர் பாய்ந்து வருவார்களே, அவர் மடை. எதையும் அந்தப் பக்கம் போகவிடாமல் குறுக்கே கிடப்பவர் வரம்பு. இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோய் ஊற்றுகிறவர் வாய்க்கால். ஆள் தொகைக்கு வந்து உட்கார்ந்து காற்றடிக்கிற பக்கம் போகிறவர்கள் பதர்.

நான் எந்த வகை என்று ஒருநாள் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயதில் இளையவர்களையெல்லாம் அவர் மருமகன் என்றுதான் கூப்பிடுவார்.

"நீ இன்னும் முளைக்கல்ல மருமகன். விதச்சிக் கிடக்கு. மழ பெய்யட்டும், பாப்பம்."

கூட்டத்தில் அவர் வாய் திறப்பதே இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வலையின் இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டுப் பாடிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். பார்த்துப் பார்த்து அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கிற இழுவை குறைகிறது. பக்கத்தில் இருப்பவன் இழுப்பான் என்ற நம்பிக்கையில் பின்வரிசை முழுக்கச் சாய்ந்து நிற்கிறதே தவிர இழுக்கவில்லை. இந்த அருமையான செய்தியைத் தனக்குள் வைத்திருக்க அவரால் முடியவில்லை. ஒரு காலையில், வலை பாதி தூரம் வந்துகொண்டிருக்கும்போது, ஆட்களுக்குத் தலைவரான தண்டையலிடம் போய்ச் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். கயிற்றில் நின்ற ஒவ்வொருவனும் முன்னால் நிற்பவன் இழுக்கிறானா என்று பார்க்க ஆரம்பித்தான். முன்னால் நிற்பவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். கழுத்துகள் வேலை செய்தன, கைகள் வேலை செய்யவில்லை. பாட்டு நின்றது. வலை கடலில் அப்படியே நின்றது. வலைக்குள் இருந்த சூடை மீன்களெல்லாம் ஆறுதலாக வந்த வழியே போய்விட்டன. பிறகு எல்லாரும் ஒரே மனதாகப் போடியாரைத் துரத்தினார்கள். மணலில் சைக்கிள் ஓடாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். பார்க்கிறவன் வாய் திறந்தால் பார்த்ததே மாறிப்போகும் என்று அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு வருடக்கணக்காக எந்தக் கூட்டத்திலும் அவர் ஒரு சொல் பேசியதை யாரும் கேட்டதில்லை.

பேசத்தான் இல்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். தேத்தண்ணி வந்து குடித்து முடிந்த கூட்டம் உருப்படியான முடிவுக்கு வராது என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. வாசிகசாலைச் சங்கத்தில் அப்போது மாதக்கணக்கில் ஒரு தகராறு. பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கலாமா, மனதுக்குள் வாசிக்க வேண்டுமா என்று. போடியார் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் போய், தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் தேத்தண்ணியை உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று இரகசியமாகச் சொல்லி வைத்தார். தட்டோடு கடைக்காரர் வாசலில் நிற்க, இஞ்சி வாசம் உள்ளே வர, பத்தே நிமிடத்தில் சத்தமாக வாசிக்கக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள். கடைக்காரருக்கு அது தீர்மானம்தானா என்று விளங்கவில்லை. அசையாமல் நின்றார். தேத்தண்ணி வரவில்லையே, பிழையாகத் தீர்மானித்துவிட்டோமோ என்று பயந்து, சத்தமாக வாசிக்கலாம் என்றும் தீர்மானித்தார்கள். அப்போதுதான் தட்டு உள்ளே வந்தது. அந்த வருடம் முழுக்க அந்த வாசிகசாலையில் இரண்டு சட்டமும் நடந்தன.

ஊர்ச் சங்கங்களை இப்படி ஆட்டிவைத்த மனிதருக்கு வீட்டில் செல்வாக்கு மிகக் குறைவு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குத்தான் போய் இருப்பான். அந்த வீட்டில் போடியார், அவருடைய மனைவி, மாமியார் என்று மூன்று பேர். மத்தியானக் கறி என்ன என்பதில்கூட அவருடைய பிரேரணை ஒருநாளும் வென்றதில்லை. ஊர்க் கூட்டமெல்லாம் போய்ப் பார்க்கிற மனிதர் வீட்டுக் கூட்டத்துக்கும் ஒருநாள் வந்தால் நல்லது என்று அவர் மனைவி எங்களிடமே சொல்லியிருக்கிறார். போடியார் அதைக் கேட்டு, இங்கே இரண்டு மடை, நான் ஒருவன் பதர் என்று சிரிப்பார்.

இனி எங்கள் சங்கத்துக்கு வருகிறேன். கல்முனைக்கு வடக்கே, பெரியநீலாவணைக்குப் போகிற வழியில் ஒரு நெசவாளர் சங்கம். பெயரை எழுதினால் அந்தக் காலத்துத் தலைவர்மாரின் பேரப்பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், ஆகையால் வேண்டாம். நான் அங்கே கிளாக்கர். என் முதல் உத்தியோகம். வீட்டுக்கு வீடு தறி. சாரமும் சேலையும் நெய்வார்கள். நூல் அரசாங்கத்திலிருந்து சங்கத்துக்கு வரும். சங்கத்திலிருந்து தறிக்குப் போகும். சங்கம் இல்லையென்றால் நூல் இல்லை.

சங்கத்தில் இரண்டு பெரிய மனிதர்கள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். நூல் சுற்றுகிற வீட்டுக்காரர் நூல் காக்கா. சாயம் போடுகிற வீட்டுக்காரர் சாயக் காக்கா. இவருடைய தங்கச்சியை அவர் முடித்திருந்தார், அவருடைய தங்கச்சியை இவர் முடித்திருந்தார். ஆளுக்கு ஆள் மச்சான். அதற்காக விட்டுக்கொடுப்பார்களா? இரண்டு பேருக்கும் தலைவராக வர ஆசை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தாய் வழியாக ஒரு குடி உண்டு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே குடி குடியாகத்தான் உட்காருவார்கள். நூல் காக்காவின் குடிக்காரர் வலப்பக்கப் பாயில், சாயக் காக்காவின் குடிக்காரர் இடப்பக்கப் பாயில். நடுவில் ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகும்.

அந்த வருடம் தலைவர் தெரிவில் வார்த்தை முற்றி, இரண்டு மூன்று தொப்பிகள் கீழே விழுந்தன. இரண்டு பக்கமும் தனித்தனிச் சங்கம் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்கள். மட்டக்களப்பிலிருந்து கூட்டுறவு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு ஊருக்கு ஒரு சங்கத்துக்குத்தான் நூல், அடுத்த கூட்டத்தில் தலைவரைத் தெரிவு செய்யாவிட்டால் இருக்கிறதையும் நிறுத்துவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தறிச் சத்தம் நின்றுபோன அந்த ஊரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதோடு எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பெண்ணின் வாப்பா எங்கள் சங்கத்தில்தான் நெசவாளர். அவர் என்னைக் கூப்பிட்டு, நாள் வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம் என்றார். காரணம் கேட்டேன்.

"சங்கம் இருந்தாத்தானே மாப்பிள கிளாக்கர். இல்லாட்டி நீங்க ஆரு?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கூட்டப் போடியாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சந்தோஷத்தில் மின்னினார். இப்படியொரு வியாதிக்குத்தான் அவர் இத்தனை நாளாக மருந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார் போலிருந்தது. கல்யாண வீடுகளில் அவர் சஹன் சாப்பாட்டைக் கவனித்து வைத்திருந்தார். சஹன் என்றால் தெரியும்தானே, பெரிய தட்டு நிறையச் சோறு வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவது. அதில் நல்ல இறைச்சித் துண்டை யாரும் தன் பக்கம் இழுக்க மாட்டார்கள், எதிரில் இருப்பவர் பக்கம்தான் தள்ளுவார்கள்.

"ஒரே சஹன்ல கை வெச்சவன் மறுகா எதிர்க் கை தூக்க மாட்டான் மருமகன். சாப்பாடு என்ட பொறுப்பு."

கூட்டத்தன்று அவருடைய வயல் அரிசியில் நெய்ச்சோறு, அவருடைய பட்டியிலிருந்து மாடு. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து வந்தவர்களைப் போடியார் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். ஒவ்வொரு சஹனுக்கும் இந்தக் குடியில் மூன்று பேர், அந்தக் குடியில் மூன்று பேர். நூல் காக்காவும் சாயக் காக்காவும் எதிரெதிரே ஒரே சஹனில். ஏழாவது ஆளாகப் போடியாரும் அதே சஹனில். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் கதிரையும் மேசையும் தனித் தட்டும். நடுவில் இருந்த வண்டிப் பாதை இருந்த இடம் தெரியவில்லை. நூல் காக்கா நல்ல துண்டு ஒன்றைச் சாயக் காக்கா பக்கம் தள்ளினார். சாயக் காக்கா அதைத் திருப்பித் தள்ளினார். துண்டு சோற்று மலையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதன் அலைச்சலைப் பார்க்கச் சகிக்காமல் போடியாரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கை கழுவி, கூட்டம் தொடங்கியது. நூல் காக்கா தலைவராக வருவதை விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு கைகூட எழும்பவில்லை. ஒவ்வொருவனும் தன்னோடு சாப்பிட்ட மற்றவன் முகத்தைப் பார்த்தான். சரி, சாயக் காக்கா வருவதை விரும்புகிறவர்கள் என்றார். அதற்கும் இல்லை. போட்டியிட்ட இரண்டு பேரும்கூடத் தங்களுக்குக் கை தூக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தன் உத்தியோக வாழ்க்கையில் இப்படியொன்றைப் பார்த்ததில்லை. அந்தக் கடைசிப் பாயில் போடியாரின் முகம் விழுவதை நான் பார்த்தேன். எதிர்க் கை தூக்க மாட்டார்கள் என்று கண்டுபிடித்த மனிதர், கையே தூக்க மாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை.

நூல் காக்கா எழும்பி, மச்சானே இருக்கட்டும் என்றார். சாயக் காக்கா, இல்லை, மச்சான்தான் இருக்க வேண்டும் என்றார். இது நல்லாயிருக்கிறதே என்று நான் மூச்சுவிடுவதற்குள், விட்டுக்கொடுத்ததை ஏன் தள்ளுகிறாய், என் பெருந்தன்மை உனக்குக் கேவலமா என்று ஒருவர் கேட்டார். என்னைவிட நீ பெருந்தன்மைக்காரனா என்று மற்றவர் கேட்டார். மரியாதையில் தொடங்கிய சண்டை சாதாரணச் சண்டையைவிட மோசமாக வளர்ந்தது. ஆட்கள் பாயை விட்டு எழும்பி, வலப்பக்கம் வலப்பக்கமாகவும் இடப்பக்கம் இடப்பக்கமாகவும் போக ஆரம்பித்தார்கள். வண்டிப் பாதை மறுபடியும் திறந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார். எனக்கு மாமனாராக வர இருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமும் இல்லை, உத்தியோகமும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அப்போதுதான் போடியார் சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் ஏறி நின்றார். முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவருடைய குரல் எப்படியிருக்கும் என்றுகூட அங்கே பலருக்குத் தெரியாது.

"நான் பாக்காத சங்கம் இல்ல. இதப்போல ஒரு பதர்ச் சங்கத்த நான் கண்டதே இல்ல. நூல் காக்கா ஒரு வரம்பு. மாடும் மேயாத வரம்பு. சாயக் காக்கா பெரிய மடையாம், தொறந்தாக் காத்துத்தான் வருது. ஒங்களால ஒரு நாளும் ஒரு விசயத்துல ஒத்துவர ஏலா. நான் எழுதித் தாறன்."

அதற்குள் இரண்டு பக்கத்து ஆட்களும் வாங்கின் முன்னால் வந்து நின்றிருந்தார்கள். பிறகு சாயக் காக்கா மெதுவாகக் கேட்டார்:

"எங்கட மச்சானப் பாத்து வரம்பு எண்டு சொல்ல இவரு ஆரு?"

நூல் காக்கா அவர் பக்கத்தில் போய் நின்றார். "மச்சான்ட சாயத்த ஒரு நாள் கண்டிரிக்காரா இவரு? தறி ஒண்டு இரிக்கா இவருக்கு?"

அதன் பிறகு நடந்ததை நான் எழுதிக்கொள்வதற்கே கை போதவில்லை. இனிமேல் இந்த ஆள் நம்முடைய மண்டபத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று நூல் காக்கா பிரேரித்தார். சாயக் காக்கா ஆமோதித்தார். இன்ஸ்பெக்டர் கேட்கும் முன்பே இரண்டு பக்கமும் எல்லாக் கைகளும் மேலே போயின. அந்தச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து முதல் ஏகமனதான தீர்மானம் அதுதான். வாங்கில் நின்ற போடியார் அந்தக் கைகளின் காட்டை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கையைத் தூக்கினார் என்று சிலர் சொல்வார்கள். தூக்கியிருந்தாலும் செல்லாது, அவர் அங்கத்தவர் இல்லை.

இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். கைகள் இறங்குவதற்குள், தலைவர் நூல் காக்கா, உபதலைவர் சாயக் காக்கா, அடுத்த வருடம் மாறி வரும், சம்மதம்தானே என்று ஒரே மூச்சில் கேட்டார். கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. நிறைவேறியது என்று சொல்லிவிட்டு, பிற்பகல் அஸர் தொழுகைப் பாங்குக்கு முன்பே பஸ்ஸைப் பிடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டார்.

நான் வெளியே ஓடினேன். போடியார் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். இதெல்லாம் திட்டம் போட்டுச் செய்ததா என்று கேட்டேன்.

"இல்ல மருமகன். வாங்குல ஏறக்குள்ள உண்மையாக் கோவம்தான். என்ட மாடும் போய், சோறும் போய், ஒண்டும் நடக்கல்லயே எண்டு. பாதி கதைக்கக்குள்ளதான் பாத்தன், ரெண்டு பக்கத்து ஆக்களும் எனக்கு முன்னால ஒண்டா வந்து நிக்காங்க. மறுகா எப்படி நிப்பாட்டுற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் மண்டப வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் போகாத சங்கமில்லை, இருந்தாலும் எங்கள் சங்கத்தில்தான் அவருக்கு அதிக ருசி என்று எனக்குத் தெரியும். இரண்டு மடையும் இத்தனை வரம்பும் ஒரே கூரையின் கீழ் அவருக்கு வேறெங்கே கிடைக்கும்?

தறிகள் மறுபடியும் ஓடின. அடுத்த பிறையில் என் கல்யாணம் நடந்தது. போடியார் வந்து, சஹனில் என் பக்கம் நல்ல துண்டுகளைத் தள்ளிவிட்டார். ஆனால் சங்கத்தின் மாதக் கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. அந்த வழியாகப் போனாலும் ஜன்னல் பக்கம் பார்க்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். கூட்டங்கள் உப்பில்லாமல் போயின. நூல் காக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடைசிப் பாயைப் பார்ப்பார், பேச்சைச் சுருக்கி முடித்துவிடுவார். தீர்மானத்தை நீக்கிவிடலாமே என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மச்சான்மாரும் பதறிப்போனார்கள். சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான், அதில் கைவைத்தால் மற்றதெல்லாம் பிரிந்துவிடும் என்றார்கள்.

அடுத்த வருடக் கூட்டத்தன்று காலையில் நான் மண்டபத்தைக் கூட்டிப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். சாயக் காக்கா வந்தார். எல்லாப் பாயையும் எடுத்து வெளியே பூவரச மரத்தடி மணலில் போடச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"தீர்மானத்துல மண்டபத்துக்குள்ள எண்டுதானே இரிக்கி" என்றார்.

போடியாரைக் கூட்டிவர இரண்டு மச்சான்மாரும் ஒரே வண்டியில் போனார்கள். அவர் புதுச் சாரம் உடுத்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து இறங்கினார். கடைசிப் பாயில் அவருக்கு இடம் விட்டிருந்தார்கள். அங்கே சுவர் இல்லை, சாய்வதற்கு மரத்தைக் கொடுத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்து வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கியதும்தான் நூல் காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். அந்த மனிதரின் மேல் எனக்கு மட்டும்தான் பிரியம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சுப் பாதியில் மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு நல்ல மழை. பத்தடி தூரத்தில் மண்டபம் கதவு திறந்து கிடந்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை.